ஆச்சிக்குப் பல் போன வருஷம்

என் கணவருடைய அண்ணன் மனைவியை நான் ஆச்சி என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்து மரியாதை அது, அதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. மனசுக்குள் மட்டும் அவள் எனக்கு 'அவள்'தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. என் ஆத்திரம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

காரைக்குடியில் நாங்கள் இருந்த வீடு, முன்வாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் கேட்காத அளவுக்குப் பெரியது. ஆனால் என் அடுப்புக்கும் அவள் அடுப்புக்கும் நடுவில் இருந்தது தலை உயரச் சுவர் ஒன்றுதான். எங்களில் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். கூரையும் வாசலும் பொது, அடுப்பு தனி. அரிசி, பருப்பு, புளி, பாத்திரம் எல்லாமே தனி. பக்கத்து அடுப்பில் என்ன குழம்பு என்று மூக்குக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது. ஒருத்தி சமைத்ததை இன்னொருத்தி வந்து கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். கேட்காமல் கொண்டுபோய் வைத்தால் அது அவமானம், உனக்குப் பொங்கித் தின்னத் துப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். மாமியார் இறந்த பிறகு வீட்டுக்கு மூத்தவள் அவள்தான் என்பதால், இந்த முறை பிசகாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலையாக இருந்தது.

அறுபதுகளின் நடுவில், என்னை வேறு வைத்த மறு வருஷம், எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தையாகிப் போனது. கணவர் மலேயாவில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். குழந்தை குட்டி இல்லை. தனியாகவே பல் டாக்டரிடம் போனேன். அவர் இரண்டையும் பிடுங்கிவிட்டு, பஞ்சைக் கடிக்கச் சொல்லி, சூடும் காரமும் கூடாது, குழைந்த கஞ்சியோ பாலில் ஊறியதோ சாப்பிடு என்று அனுப்பினார். வீடு வந்து சேருவதற்குள் கன்னம் வீங்கிவிட்டது. மறுநாள் தாடை பூட்டிக்கொண்டது. பற்களுக்கு நடுவில் ஒரு கரண்டிக் காம்புகூட நுழையாது. குனிந்து அடுப்பை ஊதினால் மண்டைக்குள் இடி இடித்தது.

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பால்பணியாரம். தேங்காய்ப்பாலில் ஏலக்காய் விழுந்த வாசனை இந்தப் பக்கம் இறங்குகிறது. முதல் நாளிலிருந்து என் வயிற்றில் வெறும் தண்ணீர்தான். ஊறிய பணியாரம் ஒன்றைப் பிய்த்துக் கன்னத்து ஓரமாய்த் தள்ளினால்கூடக் கரைந்து இறங்கிவிடும் என்று தோன்றியது. வெட்கத்தை விட்டு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். பிறகு அகப்பையைப் பாலில் சுழற்றிக்கொண்டே சொன்னாள்.

"என்ன வேணும்? வாயத் தொறந்து கேளு, குடுக்குறேன்."

தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது, சொல்லாக வரவில்லை. கையால் தாடையைக் காட்டினேன். அவள் தலையைக்கூட ஆட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். அவள் பணியாரங்களை ஒவ்வொன்றாய்த் தூக்குச்சட்டியில் எடுத்து வைத்து மூடினாள். நான் திரும்பி வந்து, பழைய சோற்றில் இருந்த நீராகாரத்தை இறுத்து, பல் இடுக்கு வழியாக உறிஞ்சிக் குடித்தேன். உறிஞ்சக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உறிஞ்சியதில் பல் பிடுங்கிய குழியிலிருந்து ரத்தம் வந்தது.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேனோ என்னவோ. அவள் விடவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடும் இடமெல்லாம் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக் காட்டினாள். கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நான் திருதிருவென்று நின்றதை முகத்தைக் கோணிக்கொண்டு நடித்தும் காட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கெல்லாம் ஒரு நாள் இவளைப் பதில் சொல்ல வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டேதான் சிரித்தேன்.

நாள் வந்தது. எழுபதுகள் பிறந்து, கணவர் ஊரோடு வந்து சேர்ந்து, எனக்கு இரண்டு பிள்ளைகளும் ஆகியிருந்தன. அவளுடைய கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் மெட்ராஸில். அவளுக்கு வெற்றிலை ஓயாது, அதோடு புகையிலையும் உண்டு. ஈறெல்லாம் சீழ் பிடித்துப் பல் ஒவ்வொன்றாய் ஆட ஆரம்பித்தது. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஈறு ஆறிய பிறகுதான் பல்செட் என்று சொல்லிவிட்டாராம். எங்கள் குடும்பத்திலேயே அழகான பல்வரிசை அவளுடையது. அதைக் காட்டுவதற்காகவே சிரிப்பவள், இப்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்து இறங்கினாள். யாரிடமும் பேசாமல் அறைக்குள் போய்விட்டாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. வாயைத் திறந்து கேட்கட்டும் என்று முடிவு கட்டினேன். அந்தப் பொக்கை வாயை என் முன்னால் திறந்து, எனக்கு இது வேண்டும் என்று அவள் கேட்க வேண்டும். அதில் ஒரு குன்றிமணி குறைந்தாலும் எனக்கு ஆகாது.

கணவர் போன பிறகு அவள் கவிச்சியை விட்டிருந்தாள். எலும்பு ரசம், முட்டை எதுவும் ஆகாது. அரிசி, பருப்பு, பால், காய் இவற்றில்தான் அவள் பிழைக்க வேண்டும். அவள் கையோ பொரிக்கிற கை, வறுக்கிற கை. முறுக்கும் சீடையும் அவளைப்போல் சுட ஆளில்லை, ஆனால் ஒரு கஞ்சியைக் கட்டி தட்டாமல் காய்ச்சத் தெரியாது. அவள் காய்ச்சியது அடி பிடித்த வாசனை எனக்கு வரும். பிறகு அதைத் துணியில் போட்டுப் பிழிகிற சத்தம் கேட்கும்.

நான் என் அடுப்படியில் இறங்கினேன். அப்படிச் சமைத்தது என் வாழ்நாளில் அந்தக் கொஞ்ச காலம்தான். பச்சரிசியை வறுத்து உடைத்துப் பாலில் வேகவிட்டுக் கஞ்சி. இளம் பரங்கிக்காயைக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, ஒரு துண்டு வெல்லம். இடியாப்பத்தைப் பாலில் ஊறவிட்டு, விரல் பட்டால் கரைகிற பதம். அரைக்கீரையும் பாசிப்பருப்பும் மிளகாய் இல்லாமல் கடைந்து நெய். எல்லாவற்றையும் ஆற வைப்பேன். பல் பிடுங்கிய வாய்க்குச் சூடு ஆகாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? சுவர் ஓரமாகவே ஆற வைப்பேன். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, பாலைக் குடி, பரங்கிக்காயைத் தின்னு என்று சத்தமாய் உபசரிப்பேன். பிள்ளைகள் மாவடுவும் அப்பளமும் கேட்டு அழுதன.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அவள் இளைத்தாள். ரவிக்கை தோளில் தொங்கியது. என் கணவருக்கு மனசு கேட்கவில்லை. கஞ்சியில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்றார். "அவுக போட்ட சட்டம்தானே, கேட்டா நான் குடுக்க மாட்டேன்னா சொல்றேன்?" என்றேன். அவர் ஒரு நாள் எனக்குத் தெரியாமல் அவரே ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்காததைக் கொண்டுவந்து வைத்தால் என் கை விளங்காமல் போய்விட்டது என்று அர்த்தமா தம்பி என்று முந்தானைக்குள்ளிருந்தே கேட்டாளாம். டம்ளரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். அடங்காதவள். எனக்கு இன்னும் வெறி ஏறியது.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் படைப்பு வந்தது. வீட்டில் இறந்துபோன பெரியவர்களுக்காகப் பங்காளிகள் எல்லாரும் கூடி, ஒரே அடுப்பில் சமைத்துப் படைத்துவிட்டு, ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அன்றைக்குத் தனி அடுப்பு எதிலும் நெருப்பு இருக்கக் கூடாது. சாம்பலை அள்ளி, மெழுகி, கோலம் போட்டுவிட வேண்டும். மறுநாள் விடிந்துதான் பற்றவைக்கலாம். பொது அடுப்பில் சமைத்ததை யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் இலை, எல்லாருக்கும் சோறு. அவள் இதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. யாரிடமும் கேட்காமல், தன் வாயைத் திறக்காமல், அன்று ஒரு நாளாவது பாயசமும் பருப்புமாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பாள்.

ஆனால் கணவரை இழந்தவள் படைப்புச் சமையலை முன்நின்று நடத்தக் கூடாது என்பதும் எங்கள் வீட்டு முறைதான். அந்த வருஷம் கரண்டி என் கைக்கு வந்தது.

எங்கள் வீட்டுப் படைப்பு சைவம். சைவத்தில் எத்தனை கடினம் உண்டு என்று அன்று காட்டினேன். சோற்றை உதிரி உதிரியாய் வடித்தேன். பருப்பை மலர்ந்ததும் இறக்கிவிட்டேன், மசியவிடவில்லை. கொத்தவரங்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல், மொறுமொறுவென்று பருப்பு வடை, அப்பளம், சீடை. சாம்பாரில் முருங்கைக்காய், ரசத்தில் மிளகு தூக்கல். தயிர் நன்றாகப் புளித்திருந்தது, முதல் நாளே உறை ஊற்றிப் புளிக்க விட்டவள் நான். பாயசம் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, அதிரசம் இருக்கிறதே என்றேன்.

நெற்குப்பை, கண்டரமாணிக்கம் என்று பல ஊரிலிருந்தும் வந்திருந்த சொந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்து வடையை நொறுக்கின. பிரமாதம் என்றன. பெண்கள் வரிசையில் அவளும் இருந்தாள், இலை நிறைய எல்லாம் இருந்தது. முந்தானை வாயை விட்டு இறங்கவில்லை. ஒரு வடையைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். நான் அவள் எதிரில் போய் நின்று, "ஆச்சி, ஒண்ணுமே சாப்பிடலையே, இன்னும் ரெண்டு வடை வைக்கவா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து மடியில் போட்டாள்.

வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ரோஜா நிற ஈறும் நாக்கும்தான். கன்னம் இரண்டும் உள்ளே போய், எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி, வார்த்தைகள் காற்றோடு கலந்து வர, சொன்னாள்.

"எனக்குப் பல்லு இல்லத்தா. இதுல ஒண்ணும் எறங்காது. ஒன் அடுப்புல தெனம் வாசனையா காய்ச்சுவியே, அதுல கொஞ்சம் குடு. வாயத் தொறந்து கேக்குறேன்."

கேட்டுவிட்டாள். வருஷக்கணக்காக நான் காத்துக்கிடந்த வார்த்தை அது. கொடுக்க என்னிடம் ஒரு வாய்க் கஞ்சி இல்லை. என் அடுப்பு மெழுகிக் கோலம் போட்டுச் சில்லென்று கிடந்தது. பற்றவைக்கவும் முடியாது. அத்தனை பேர் பார்க்க, கையில் வடைத்தட்டோடு நின்றேன்.

"இன்னைக்கு இல்ல ஆச்சி" என்றேன்.

"இல்லையா. சரி."

அவள் இலையில் இருந்த சோற்றில் ஒரு பிடியை எடுத்துத் தண்ணீர் டம்ளருக்குள் போட்டாள். விரலால் பிசைந்தாள். கரைத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பந்தியில் ஒருவரும் மெல்லவில்லை. நெற்குப்பைப் பெரியவர் ஒருவர், "அவுகளுக்குன்னு குழைய ஒரு புடி வடிச்சிருக்கக் கூடாதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கிண்ணத்துக் கதை செத்துப்போனது. பல் இல்லாதவளுக்கு நான் வடை போட்ட கதைதான் ஊர் ஊராய்ப் போனது.

படைப்பு நாளில் அடுப்பில் நெருப்பிருக்காது என்பது வீட்டுக்கு மூத்தவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் அத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. மறுநாள் விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்து, உளுந்துமாவை நெய்யில் வறுத்து, கருப்பட்டிப் பாகு விட்டுக் கும்மாயம் கிண்டினேன். இரக்கப்பட்டு அல்ல. கேட்டாள், கொடுத்தேன், வாங்கித் தின்றாள் என்று கதையை முடித்தாக வேண்டும். நெய் பிரிந்து பளபளவென்று உருண்டு வந்தது. ஆற வைத்து, வெண்கலக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனேன். அவள் தன் அடுப்பு முன்னால் உட்கார்ந்து கஞ்சியைத் துணியில் பிழிந்துகொண்டிருந்தாள். கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தேன்.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. பிழிவதையும் நிறுத்தவில்லை.

"கேட்டது நேத்து" என்றாள். "இன்னைக்கு நான் ஒண்ணும் கேக்கலையே."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். என் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அவ்வளவையும் நானே தின்றேன். மெல்லவே வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒரு பதத்தில் அதற்கு முன்னும் நான் கிண்டியதில்லை, பின்னும் கிண்டியதில்லை.