பாடகி பேசிய காலை

பேர்லினில் நான் துடைக்கும் தேவாலய மண்டபத்தில் ஓபரா பாடகி ஒருத்தி அகதிப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். யாழ்ப்பாணத்தாரின் மகள், இங்கேயே வளர்ந்தவள். கோடையிலும் கழுத்தில் சால்வை. கச்சேரி நாட்களில் மாலைவரை வாயே திறக்கமாட்டாள், குரலைச் சேமிக்கிறாளாம். மற்ற நாட்களிலும் எனக்குக் கையசைப்பு மட்டும்தான்.

பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டும் கச்சேரியன்று காலை, என் வாளியருகே வந்து உட்கார்ந்தாள்.

"களைச்சுப்போனியளோ அக்கா?"

"ஓம் பிள்ளை. நீர் ஏன் கதைக்கிறீர்? இண்டைக்குப் பாடவேணுமெல்லோ?"

"பிள்ளையள் பாடுவினம். எனக்கு இனிப் பாட ஏலாது அக்கா, குரல் போட்டுது."

சால்வையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு ஓயாமல் பேசினாள். என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அன்றைக்கு, பழையபடி குரலைச் சேமிக்க வாயை மூடிக்கொள்ளமாட்டாளா என்றிருந்தது.