நீலப் பென்சில் சீவல்

என் அக்கா மகள் சரித்திரப் பாடம் எடுத்தால் சுவரில் இருக்கும் பல்லி கூடக் குறிப்பெடுத்துக்கொள்ளும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். பல்லி குறிப்பெடுக்கவில்லை, ஒரு பாடவேளை முழுக்க அசையாமல் இருந்தது, அவ்வளவுதான். பல்லி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் ஒரு சொல்லும் கூட்டல் கிடையாது.

அவளைத் தெருவில் எல்லோரும் சரித்திர டீச்சர் என்றுதான் சொல்வார்கள். ஐம்பதை நெருங்கும் வயது. கைப்பையைத் திறந்தால் சாவிக்கு முன்னால் சாக்பீஸ் கையில் வரும். ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். வீட்டில் அவளும் அவள் கணவரும் மட்டும்; எனக்கு அவர் மாப்பிள்ளை. மேல்மாடியில் நான். மாப்பிள்ளை குடிநீர் ஏற்றும் நிலையத்தில் மெக்கானிக். வாயைத் திறந்தால் ஏதோ வால்வு தேய்ந்துவிடும் என்பதுபோல அளந்து பேசுகிறவர்.

மற்ற ஆசிரியர்கள் பாடக்குறிப்பு என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இவளுக்கு அது ஞாயிற்றுக்கிழமை முழுதும் பிடிக்கும் வேலை. சாப்பாட்டு மேசையில் அட்டை, கத்தரிக்கோல், கயிறு, பழைய பொத்தான்கள் எல்லாம் பரப்பிக்கொண்டு, "பிள்ளைங்க கையில எதைக் கொடுத்தா இது தலைக்குள்ள போகும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருமுறை வகுப்பை இரண்டு ராஜ்யமாகப் பிரித்து உடன்படிக்கை எழுதச் சொன்னாள். உடன்படிக்கை வருவதற்குள் பெஞ்சின் கால் உடைந்தது. இன்னொருமுறை வரி வசூலிக்கும் அதிகாரியாக நடித்து ஆளுக்கொரு பேனாவைப் பிடுங்கினாள். பிள்ளைகள் கலகம் செய்து நேராகத் தலைமையாசிரியை அறைக்கு ஊர்வலம் போய்விட்டார்கள். கலகம் எப்படிப் பிறக்கிறது என்ற பாடம் அன்றைக்கு நன்றாகவே புரிந்தது. தலைமையாசிரியைக்குத்தான் புரியவில்லை.

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையும் கண்ணால் பார்த்துப் பழகாதவர். டீச்சரைக் கூப்பிட்டு, இது பாடமா விளையாட்டா என்று கேட்டார். வாரத்தில் இரண்டு சரித்திரப் பாடவேளையை எடுத்துக் கணக்குக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கணக்கு சார் அதற்குள் புது அட்டவணையே போட்டு வைத்திருந்தாராம். கடைசியாக ஒரு சலுகை: அடுத்த வாரம் தலைமையாசிரியையே பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடம் பார்ப்பார், பிடித்திருந்தால் பாடவேளைகள் தங்கும், இல்லாவிட்டால் போகும்.

அன்று மாலை அவள் மாடிக்கு வந்து நான் கொடுத்த டீயை ஆறவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு பாடவேளை போனால் மிச்சமிருப்பது தேதிகளை ஒப்பிக்க மட்டும்தான் காணும் என்றாள். பிறகு திடீரென்று என் சமையலறை மூலையைப் பார்த்தாள். அங்கே குப்பைக்கூடை இருந்தது.

நடத்த வேண்டியது மண்ணுக்குள் புதைந்த ஊர்களைப் பற்றிய பாடம். அடியில் கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. கிடக்கும் பொருளை வைத்து வாழ்ந்த ஆளைச் சொல்லலாம். பிள்ளைகள் தோண்டிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட முற்றமோ முழுக்க சிமென்ட். ஆகவே தன் வீட்டுக் குப்பைக்கூடையையே புதைந்த ஊராக்கிவிட்டாள். ஈரக் கழிவைத் தனியாக எடுத்துவிட்டு, காய்ந்ததை மட்டும் ஐந்து நாள் கொட்டாமல் சேர்த்தாள். ஒவ்வொரு நாள் முடிவிலும் மேலே ஒரு செய்தித்தாளை விரித்து மூடினாள். ஒரு தாளுக்கு ஒரு நாள் என்று கணக்கு. வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளேன் என்றேன்.

"என் வீட்டுக் குப்பையில எனக்குத் தெரியாதது என்ன சித்தி இருந்துடப்போகுது?" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வகுப்பில் நடந்ததை அவள் சொல்லியும், பிறகு பிள்ளைகள் வாயால் கேட்டும் எழுதுகிறேன். கரும்பலகையில் பெரிதாக ஒரு வரி: சான்று ஒன்று சொல்லி, டீச்சர் வேறு சொன்னால், சான்றையே நம்பு. இது ஏதோ ஒரு வீட்டின் குப்பை, யாருடையது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஆளுக்குக் கையுறை கொடுத்து, குழுவுக்கொரு நாளாகப் பிரித்துக் கொடுத்தாள். பின் பெஞ்சில் தலைமையாசிரியை.

பிள்ளைகள் பிரமாதப்படுத்தினார்கள். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் என்றார்கள், சரி. பூண்டு பிரியர்கள் என்றார்கள், சரி. வயதான ஒருவர் அடிக்கடி வந்து போகிறார், அவர் மிட்டாயை ஒளித்துச் சாப்பிடுகிறார், ஏனென்றால் மிட்டாய்த் தாள்கள் சின்னஞ்சிறிதாக மடித்துப் பால் கவருக்குள் செருகப்பட்டிருக்கின்றன என்றார்கள். அதைப் பற்றி நான் எதுவும் எழுதுவதாக இல்லை. தலைமையாசிரியை முதல்முறையாகச் சிரித்தாராம்.

அப்போதுதான் வக்கீல் எழுந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பெண்ணுக்கு வகுப்பே வைத்த பெயர் அது. ஒவ்வொரு நாளும் அடியில் காலைச் சாமான் இருக்கிறது, பால் கவர், ரொட்டித் தாள். மேலே ராத்திரிச் சாமான் இருக்கிறது, பூண்டுத் தோல். இரண்டுக்கும் நடுவில் ஒரு காய்ந்த டீ பை, பிஸ்கட் உறை, பென்சில் சீவல். ஐந்து நாளும் அதே இடத்தில். அந்த வீட்டில் பகலில் ஓர் ஆள் இருக்கிறார் என்றாள்.

டீச்சர் சிரித்துக்கொண்டே மறுத்தாள். பகலில் அங்கே யாரும் இருக்க முடியாது என்றாள்.

"ஆள் இருக்கு மிஸ். அதுவும் பத்தாவது படிக்கிற ஆளு. நீலச் சீவலைப் பாருங்க, எவ்வளவு இருக்குன்னு. மேப்ல கடலுக்கு நீலம் அடிச்சே எங்க பென்சிலும் இப்படித்தான் தேயுது."

"அந்த வீட்ல படிக்கிற பிள்ளையே கிடையாதும்மா."

"யாரோட வீடுன்னே தெரியாதுன்னு சொன்னீங்களே மிஸ்?"

டீச்சர் அந்தச் சீவலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் சிவப்புப் பேனாவைத் தவிர வேறெதையும் தொடாதவள். காலையில் எட்டு மணிக்கு இருவரும் கிளம்பினால், சாயங்காலம் அவள் போய்ப் பூட்டைத் திறக்கும்வரை வீட்டில் ஈ காக்கை கிடையாது. டீ பை பிழிந்து, ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ நிதானமாக, தன் வீடுபோல உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள்.

"இது என் வீடு" என்றாள்.

வக்கீலின் முகத்தில் இருந்த வெற்றி அப்படியே வடிந்தது. முன் பெஞ்சில் ஒருவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "மிஸ், இதுதான் அந்த நேரம். இப்பவும் உள்ளதான் இருப்பாங்க."

தலைமையாசிரியை எழுந்து வந்து தன் குடையை அவள் கையில் திணித்தார். வெயிலுக்கு அல்ல; அடிப்பதற்கு. வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், ஓடுங்கள் என்றார்.

எனக்குப் போன் வந்தபோது நான் மதியத் தூக்கத்தில் இருந்தேன். கீழே யாரோ இருக்கிறார்கள் சித்தி, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இரு என்றாள். உள்ளேயே இரு என்று சொன்னதால் நான் கீழே இறங்கினேன். கைக்கு அகப்பட்டது இஸ்திரிப் பெட்டி. வீட்டுப் பூட்டைக் காணோம். கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. காதை வைத்தேன். ஓர் ஆண் குரல். ஏதோ ஒரு ராஜாவின் பெயரைச் சொல்லி, பட்டத்துக்கு வந்த ஆண்டைத் தப்பாகச் சொல்லி, தன்னைத்தானே திட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. எத்தனையோ விதமான திருட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வந்த வீட்டில் உட்கார்ந்து சரித்திரம் மனப்பாடம் செய்யும் திருடனைப் பற்றிக் கேட்டதில்லை. குரல் யாருடையது என்று தெரியவில்லையா என்று கேட்பீர்கள். அந்த மனிதர் சேர்ந்தாற்போல அத்தனை வார்த்தை பேசி நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

டீச்சர் மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினாள். உள்ளே சத்தம் நின்றது. தாழ் விலகியது. திறந்தது மாப்பிள்ளை. காதில் நீலப் பென்சில். பின்னால் சமையலறைத் தரையில் பாதிக் கடல் நிரம்பிய வரைபடம், பக்கத்தில் ஆவி பறக்கும் டீ. குடையையும் இஸ்திரிப் பெட்டியையும் பார்த்து அவர்தான் எங்களைவிட அதிகமாக அரண்டுபோனார்.

"ஏங்க, வேலைக்குப் போகலையா?"

"போயிட்டுத்தான் வந்தேன்."

மிச்சத்தைச் சொல்லவைக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. இரண்டு மாதமாக அவருக்குக் காலையில் மட்டும் அரை நாள் ஷிப்ட். நண்பகலில் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து படித்துவிட்டு, அவள் வருமுன் பூட்டிக்கொண்டு வெளியே போய், தெருவைச் சுற்றி, சாயங்காலம் களைத்த முகத்தோடு திரும்பி வருவாராம். அந்தக் களைப்புக்கு இரங்கி அவள் தினமும் டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஃபோர்மேன் பதவிக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். அவர் தேறவில்லை. ஒரே ஒரு பாடத்தில் போயிற்று. சரித்திரத்தில். கல்யாணப் பேச்சில் அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு பார்த்தால் வாய்த்த மனைவி சரித்திர டீச்சர். இத்தனை வருஷம் சாப்பாட்டு மேசையில் அவள் பாடம் தயாரிக்கும்போதெல்லாம் எல்லாம் தெரிந்தவர்போலத் தலையாட்டியிருக்கிறார். இப்போது தனித்தேர்வு எழுதப் பணம் கட்டியாயிற்று.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள்.

"கேட்டா நீ சொல்லிக்கொடுத்திருப்ப. அதான் கேக்கல."

புதைந்த ஊரைப் பிள்ளைகளுக்குத் தோண்டிக் காட்டியவளுக்குத் தன் சமையலறைத் தரை தெரியாமல் போயிருந்தது. பிறகு கீழே உட்கார்ந்து வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தீவுக்கும் சேர்த்து நீலம் அடிச்சிருக்கீங்க."

"தீவா அது? அச்சுக் கறைன்னு நினைச்சேன்."

அன்று மாலையே தலைமையாசிரியை போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: பாடம் பாதியில் நிற்கிறது, நாளை முடியுங்கள், முடிவைப் பிறகு சொல்கிறேன். டீச்சர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளையின் மானம் போகும்; அவரோடு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர் அதே வகுப்பில் இருக்கிறார்கள். பொய் சொன்னால் கரும்பலகையில் எழுதிய வரி போகும், அதோடு பாடவேளைகளும் போகும். உறவுக்காரர் ஒருவர் வந்திருந்தார் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே தீவின் மேல் அடித்த நீலத்தை அழித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் அப்படித்தான் தொடங்கினாள். வக்கீல் கையைத் தூக்கினாள்.

"அதுக்கு என்ன சான்று மிஸ்?"

பின் பெஞ்சில் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்போது வாசலில், வேலையிலிருந்து நேராக வந்த சீருடையும் கிரீஸ் கையுமாக மாப்பிள்ளை நின்றார்.

"டீ குடிச்சது நான்தான்" என்றார். "நான் பத்தாவது பாஸ் பண்ணல."

பிள்ளைகள் ஒட்டுமொத்தமாக வாசல் பக்கம் திரும்பினார்கள். வராந்தாவில் தற்செயலாக நின்றுகொண்டிருந்த கணக்கு சாரும் அப்படியே. முதலில் தேறியது வக்கீல்தான். அப்படியென்றால் உட்காருங்கள் சார், விசாரிக்க வேண்டும் என்றாள். மணியடிக்கும்வரை விசாரித்தார்கள். டீ பையை ஏன் மடித்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், எது மனதில் நிற்கவில்லை. ஆண்டுகள்தான் நிற்கவில்லை என்றார். கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு ஒரு குறுக்குவழி சொல்ல எழுந்தார்கள். மணியடித்தும் ஒருவரும் நகரவில்லை. அந்த மனிதர் அந்த ஒரு பாடவேளையில் பேசிய அளவுக்கு அவர் மனைவி மொத்தக் கல்யாண வாழ்க்கையிலும் கேட்டிருக்கமாட்டாள்.

தலைமையாசிரியை குடையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு பீரியடும் இங்கயே இருக்கட்டும். அடுத்த தடவை குப்பை மட்டும் வேற வீட்டுதா இருக்கட்டும்."

மாப்பிள்ளை பரீட்சை எழுதினார். சரித்திரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கி, தனித்தேர்வு எழுதியவர்களிலேயே முதலாவதாக வந்தார் என்று எழுதி முடிக்கப்போனேன். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே வந்தவர் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ணூத்தெட்டு இல்ல சித்தி, முப்பத்தெட்டு. அதுல மேப்புக்கு மட்டும் பத்துக்குப் பத்து."