மலையாள நோட்டீஸ்

கேரளத்தின் வண்டன்மேட்டு ஜீப் நிறுத்தத்தில் மழை தூறுகிறது. பூச்சிமருந்துக்கு எதிராகப் பல நாடுகளிலும் தொழிலாளர்கள் ஒரே நாளில் நடத்தும் பேரணி இங்கே இப்போதுதான் முடிந்திருக்கிறது. ஏலக்காய்த் தோட்டப் பெண்களைத் திரட்டி வந்த புஷ்பம் அக்கா என் அருகில் நிற்கிறார்.

‘கர்ப்பிணிகளை மருந்தடித்த ஏலக்காட்டுக்குள் அனுப்பக் கூடாது’ என்ற அவர்களின் கோரிக்கை பேரணியில் கொடுத்த மலையாள நோட்டீஸில் இல்லை. ஏன் என்று கேட்கிறேன்.

“பொம்பளைக விசயத்தைப் பெறவு பாக்கலாம்னு சங்கத்துல எடுத்துட்டாக. அதை எழுதச் சொன்னது என் தங்கச்சிதான். ரெண்டு புள்ளைய வயித்துலயே பறிகொடுத்தவ.”

“எடுத்துட்டது தங்கச்சிக்குத் தெரியுமா?”

“அவளுக்குத் தமிழ் மட்டுந்தான் வாசிக்கத் தெரியும். என்னால சொல்ல முடியல.”

தங்கை வந்து ஜீப்பில் ஏறுகிறார். நோட்டீஸை மடித்து நனையாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்கிறார்.

“நாம சொன்னது அச்சுல வந்திருக்குல்லக்கா, பத்திரமா இருக்கட்டும்.”