அக்கா அழிக்காத நிழல்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசியும் பழக்கமில்லை. அக்கா இறந்த முதலாம் ஆண்டுப் பூசைக்காக அச்சிடும் இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது சாந்தோமில், கடலுக்குப் பக்கத்து ஓட்டு வீட்டில். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. கன்னியாஸ்திரீகளிடம் தையல் கற்று, கோயில் பீடத்துத் துணிகளுக்குப் பூப்பின்னல் போட்டு அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் திட்டவில்லை. பெங்களூரில் ஒரு கடிகாரக் கடையில் சேர்த்துவிட்டார். இன்று லஸ் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து நான் பிழைப்பது அவர் போட்ட சோறு.

அத்தான் முதல் யுத்தத்தில் பஸ்ரா வரை போய் வந்தவர். அங்கிருந்து ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தார். எண்களிலும் முட்களிலும் ரேடியம் பூசியது. மகன் பிறந்த மறு வருஷம் அத்தான் விஷக்காய்ச்சலில் காலமானார். நான் அப்போது பெங்களூரில் இருந்தேன். அக்கா கடிகாரத்தைச் செபமாலைப் பெட்டியில் வைத்து மூடினார். இருபது வருஷம் அதற்குச் சாவி கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் அக்காவின் மகனுக்கு ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. தன் அப்பாவின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டான். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

"ஓட மட்டும் வெச்சுக் குடுடா. மூஞ்சில கை வெக்காதே, இன்னா?"

மூஞ்சி என்று அவர் சொன்னது டயலை. சரி என்றேன்.

டயல் வயதாவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். வெள்ளை டயல் முதலில் வெண்ணெய் நிறமாகும், பிறகு தேநீர் நிறம். வேர்வை அதிகம் உள்ளவர் கட்டியது ஓரத்தில் பச்சை பிடிக்கும். எங்கள் கடற்காற்றில் புள்ளி புள்ளியாகத் தடிக்கும். ரேடியம் பூசிய முள் பல வருஷம் ஒரே இடத்தில் நின்றால், அதன் கீழே டயல் கருகி, முள்ளின் வடிவிலேயே பழுப்பு நிழல் விழும். முள்ளை நகர்த்தினாலும் நிழல் நகராது. அத்தான் கடிகாரத்தில் அப்படி இரண்டு நிழல்கள் இருந்தன.

பக்கத்தில் குடை ரிப்பேர் செய்பவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, உங்கக்கா வாட்ச்சு டீத்தண்ணில மூஞ்சி கழுவினு வந்துச்சா? இத்தக் கட்டிக்கினு புள்ள வேலைக்குப் போனா சிரிக்க மாட்டானுங்க? மாமங்காரன் வாட்ச்சு ரிப்பேரு பண்றவன்னு வேற சொல்லிக்கினு திரியணும்!"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பதில் சொல்லத் தெரியாதவன் கையால் பதில் சொல்லப் போனேன். டயலைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்தேன். பொடி போட்டுத் தேய்த்து, புது முலாம் ஏற்றி, மெல்லிய தூரிகையால் எண்களை நானே எழுதினேன். கடையிலிருந்து அன்று வாங்கியது போல் இருந்தது. குடைக்காரர்கூட, "பலே" என்றார்.

அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த நெழலு எங்கடா?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். ஆனால் பயத்தில் வாயில் வந்தது வேறு: "ஓட ஆரம்பிச்சா அது தானா மறைஞ்சிடும்க்கா. ரேடியம் அப்பிடித்தான்."

தொழில் தெரிந்தவன் சொன்னால் அக்கா நம்புவார். நம்பினார். கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"சாவற அன்னிக்குக் காலையில படுத்த வாக்குலயே சாவி குடுத்தாருடா. மறுநாள் அடக்கம் முடிஞ்சு வந்து பாக்கறேன், இன்னும் ஓடிக்கினு கீது. பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். சாயந்தரமா நின்னுச்சு. அவரு கையி குடுத்தது அவ்ளோதான்னு அப்பிடியே மூடி வெச்சேன். அந்த நெழலு அந்த நேரம்தான்டா. இப்போ திரும்ப ஓட விட்டது நான்தானே, என் தப்புதான்."

அதன்பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "புள்ள ஆசைக்குன்னு நானே அவரு அடையாளத்த அழிச்சிட்டேன்" என்று சொல்லி வந்தார். இதைப் படிக்கும் உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஒரு முறை என்னிடம், "பாவசங்கீர்த்தனத்துல கூடச் சொன்னேன்டா. சாமியாரு சிரிச்சிட்டாரு, இதெல்லாம் பாவமில்ல, எழுந்து போம்மான்னாரு" என்றார். நான் செய்ததை அவர் முழங்காலிட்டுச் சொல்லியிருக்கிறார்.

கால் வீக்கமும் மூச்சுத் திணறலுமாக அக்கா மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். கடைசி வாரத்தில் ஒருநாள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். "இன்னாடா, ஏதோ சொல்ல வந்த மாரி கீறே?" என்று அவரே கேட்டார். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனேன். அவர் தலைமாட்டில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

உறவினர்களே, அந்த நிழலை அக்கா அழிக்கவில்லை. கடிகாரம் ஓடியதாலும் அழியவில்லை. தொடாதே என்று சொல்லியும் தேய்த்து அழித்தவன் நான். பொய் சொல்லிப் பழியை அவர் தலையில் வைத்தவனும் நான். அவர் தன்னைக் குறை சொல்லிக்கொண்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முறைபோட்டு இரவும் பகலும் அக்காவைப் பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த கம்பவுண்டருக்கும், கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்த சுவாமியாருக்கும், அடக்கத்தில் தோள் கொடுத்த மீனவச் சகோதரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரை அச்சிடுவது அக்காவின் மகன். இதுவரை எழுதியதை அவனிடம் கொடுத்துவிட்டு எதிரே நின்றேன். இரண்டு தடவை படித்தான். கோபித்துக்கொள்ளவில்லை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, அந்த நெழலு எத்தினி மணில நின்னுது?" என்று கேட்டான்.

நாலு மணிக்குமேல் என்று மட்டும் ஞாபகம். நாலேகாலா, நாலரையா, இன்னும் தள்ளியா, தெரியவில்லை. அழுக்கு என்றுதான் பார்த்தேன், மணி பார்க்கவில்லை. அவன் கேட்டதையும் இங்கே எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன்.

சாந்தோம்,
1947 பிப்ரவரி 20, விபூதிப் புதனுக்கு மறுநாள்.