கத்தரிக்காய் அளவு அட்டை

போன கிழமை சாய்ந்தமருதில் ஒரு வலீமா, கலியாண விருந்து. சோற்றுச் சஹனைச் சுற்றி, ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பக்கத்திலிருந்த இளைஞர் சட்டைப்பையிலிருந்து சின்னக் குப்பியொன்றை எடுத்து என் மணிக்கட்டில் ஒரு தடவு தடவினார். அசல் ஊது அத்தர், அகில் கட்டையின் வாசனை எண்ணெய். மற்றவர்களுக்கு அந்த வாசம் மக்காவை நினைவூட்டும். எனக்கு அட்டைதான் நினைவுக்கு வரும், காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டை. கை தானாகச் சாரனைத் தூக்கிக் கணுக்காலைத் தடவிப் பார்த்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஆசிரியர் பயிற்சி முடித்த எனக்கு முதல் நியமனம் நாட்டின் தெற்கே, மழைக்காட்டு ஓரத்திலிருந்த ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. ஊர்ப் பெயர் இப்போது வேண்டாம். நமது கிழக்குக் கரையில் மழை மாரியில் வரும், போகும். அங்கே அது வீட்டு ஆள் மாதிரி வருசம் முழுக்கக் கூடவே இருந்தது. என் மருதமுனைச் சாரன்கள் காயவே இல்லை. அவற்றில் பூத்த பூஞ்சணத்தைத் தட்டுவதும், காலில் தொங்கும் அட்டையை உப்புப் போட்டு விழுத்துவதுமாக முதல் மாதம் போனது. இடையில் கொஞ்சம் படிப்பித்தேன் என்றும் நினைக்கிறேன்.

பக்கத்து வீடு சுமனா அக்காவுடையது. சிங்களப் பெண், தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் கதைப்பார். அவருக்கும் எனக்கும் இன்னும் சில வீடுகளுக்கும் காட்டுக்குள்ளிருந்த ஓர் ஊற்றிலிருந்துதான் குழாயில் தண்ணீர் வந்தது. ஊற்றைச் சுற்றி நெட்டையான மரங்கள். வல்லாபட்ட என்பார் அக்கா. விழுந்த கொப்புகளின் பட்டையை உரித்தால் நீளநீளமாக வரும். அதில்தான் அவர் விறகு கட்டுவார். ஊற்றுக்குக் கீழே குளிக்கப் போனால், சிவந்த சொண்டும் நீல உடம்புமாக ஒரு பறவை கொப்பில் வந்திருந்து என்னை அதட்டும். அதன் பெயர் கெஹிபெல்லா. காகம் பார்த்து வளர்ந்த நான், சவர்க்காரத்தைக் கையில் வைத்தபடி குளிக்க மறந்து நிற்பேன்.

அந்த வருசம் சௌதியிலிருந்து லீவில் வந்த என் மாமா, உம்மாவின் தம்பி, என்னைப் பார்க்க வந்தார். கருவாடும், பஸ்ஸில் பாதி சிந்திப்போன எருமைத் தயிர் முட்டியும் கொண்டு வந்தார். மாமாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருக்கு வாய் நிற்காது. எங்கள் தெருவில் யாராவது பெண் பார்த்துவிட்டுப் போனால், அவர்கள் பஸ் ஏறுமுன்னே தேத்தண்ணிக் கடைக்குச் செய்தி போய்விடும். சௌதியில் அவர் வேலை பார்த்தது ஓர் அத்தர்க் கடையில்.

மறுநாள் காலை சுமனா அக்கா எங்களைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். அடுப்பில் காட்டில் பொறுக்கிய விறகு எரிந்தது. திடீரென்று ஒரு வாசம். மாமா அடுப்படிக்கே போய்க் குந்தி, ஒரு கொப்பை வெளியே இழுத்துப் பார்த்தார். உள்ளே கறுப்பாக ஒரு வரி ஓடியது.

“இது ஊது மனே. இஞ்ச இத வெறகா எரிக்கிறாங்க.”

கொப்பைத் தரையில் தேய்த்து நெருப்பை அணைத்தார். கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்து விற்ற பொருள், அவர் கண்ணுக்கு முன்னால் தேத்தண்ணி காய்ச்சிக்கொண்டிருந்தது. மரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். மூவரும் ஊற்றுக்குப் போனோம். ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, மரம் வெட்ட ஊரிலிருந்து யார் யாரைக் கூட்டி வரலாம் என்று என்னிடம் பெயர் சொல்லத் தொடங்கினார். சுமனா அக்காவுக்கு அவ்வளவு தமிழ் விளங்கும். எங்களை ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே நிழலே இல்லை. முந்திய வருசம் யாரோ வெளியாட்கள், விசயம் கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். காயம்பட்டு நோய் பிடித்த மரத்தில்தான் அந்தக் கறுப்பு விளையும், வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்து, உள்ளே வெள்ளையாக இருந்தவற்றை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த மழையில் சரிவு கரைந்து அந்தப் பக்கத்து ஊற்றை மண் மூடியது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கீழே போய்த் தண்ணீர் சுமந்தார்கள். நீலப் பறவையையும் அங்கே காணவில்லை.

“மாமா, நம்ம பக்கம் தண்ணி வாறது ஆளுங்க கதைக்காததால தான்,” என்றார் அக்கா. “ஊர்ல போய்ச் சொல்ல வேணாம்.”

மாமா தலையை மட்டும் ஆட்டினார். வேறு யாரிடமும் இதைக் கேட்டிருக்கலாம். கல்முனைக் கடல் இரையாமல் இருந்தாலும் இருக்கும், மாமா பேசாமல் இருக்க மாட்டார்.

பெருநாள் லீவுக்கு ஊருக்கு வந்தபோது பயந்துகொண்டேதான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நினைத்தபடியே தேத்தண்ணிக் கடையில் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் மரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது அட்டையைப் பற்றி. கத்தரிக்காய் அளவாமே? மரத்திலிருந்து குதிக்குமாமே? ஊற்றுப் பக்கம் போன ஒரு மாட்டை வெறும் தோலாக விட்டதாமே? ஒருவர் என் சாரனைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டச் சொன்னார். மாமா மூலையிலிருந்து, உதட்டில் ஒரு சிரிப்பும் இல்லாமல், என்னைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டிருந்தார். நானும் ஓம் என்றேன்.

வீட்டுக்கு நடக்கையில், என்ன மாமா இது என்று கேட்டேன்.

“கதைக்காம இரிக்க எனக்கு ஏலாது மனே. அதான் அட்டையக் கதைச்சன்.”

அந்த நிமிடம் அவர் மேல் வந்த பாசம் இன்றுவரை குறையவில்லை. அந்த மரத்தை விற்க நினைத்திருந்தால் அவர் சௌதிக்குத் திரும்ப வேண்டியே இருந்திருக்காது. லீவு முடிந்ததும் போய், இன்னும் பல வருசம் அதே கடையில் குப்பி துடைத்தார்.

மாமா மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் இப்போது ஃபோன் கடை. கத்தரிக்காய் அட்டையை நம்பிய கூட்டமும் ஒவ்வொருவராகப் போய்விட்டது. சுமனா அக்கா மட்டும் பெருநாளுக்குப் பெருநாள் ஃபோனில் கோல் எடுப்பார். தண்ணீர் வருகிறதா என்றுதான் முதலில் கேட்பேன். வருகிறது, மரத்தில் அந்தப் பறவையும் கத்துகிறது என்பார். அன்று முழுக்க எனக்குச் சோறு ருசியாக இருக்கும்.

போன கிழமை வலீமா மாமாவின் பேரனுடையது. குப்பி தந்த இளைஞர், இந்த மரம் நமது நாட்டுக் காட்டிலும் இருக்கிறதாமே, நீங்கள் அந்தப் பக்கம் படிப்பித்தவர்தானே, எந்த ஊர் என்று கேட்டார். சஹனைச் சுற்றி எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

அங்கே அட்டை இருக்கிறதே தம்பி, என்று தொடங்கினேன். மாமாவின் அட்டை கத்தரிக்காய் அளவு. என்னுடையது புடலங்காய் வரைக்கும் போனது. ஒருவரும் நம்பவில்லை. மாமா சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.