எதிர்த்து எழுந்த ஒரே கை

அந்தப் பேச்சைத் தட்டச்சு செய்தவன் நான். இரண்டே பக்கம், நீல மை நாடாவின் எழுத்துகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. இன்று வாக்குப் பெட்டி வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறோம். முப்பதுகளில் கோலாலம்பூர் சட்டமன்றத்துக்கு இந்தியர் சார்பில் ஒருவரை அரசாங்கமே நியமிக்கும். அப்படி நியமிக்கப்பட்டவர் எங்கள் வக்கீல் ஐயா. பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டு முன்னறைதான் அலுவலகம். நான் அவருடைய குமாஸ்தா. போலீஸ் அனுமதியில்லாமல் ஐந்து பேருக்கு மேல் கூடினால் குற்றம் என்றது புதிய மசோதா. அதை ஆதரித்துத்தான் அந்த இரண்டு பக்கமும். எதிர்த்தால் மறுபடி நியமனம் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் காலையில் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பால்மரம் சீவிப் பாலெடுக்கிறவள். பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை ஒழுகி, குழந்தைகளுக்கு ஓயாத காய்ச்சல். இருபது பெண்கள் துரை பங்களாவுக்கு நடந்து போய்க் கேட்ட பிறகுதான் கூரை மாற்றினார்களாம். மசோதாவைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“ஒத்த ஆளாப் போனா நாய அவுத்து விடுறாங்கய்யா. கூட்டமாப் போனாத்தான் தொரை வெளிய வராரு. இனிமே அதுவும் தப்பா?”

அவள் போன பிறகும் வெகுநேரம் ஐயா பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். அவர் எழுந்தார், கையிலிருந்த தாள்களைப் பிரிக்கவேயில்லை. அந்தப் பெண் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆதரிப்பவர்கள் என்றதும் அத்தனை கைகளும் உயர்ந்தன. எதிர்ப்பவர்கள் என்றபோது ஒரே ஒரு கை. தேநீர் வேளையில் வழக்கமாக அவரைத் தேடி வந்து பேசுகிறவர்கள் அன்று வேறு பக்கம் நின்றார்கள்.

“நம்ம பக்கம் தோத்துப் போச்சுன்னு நீயே போய் அந்தம்மாகிட்ட சொல்லிரு. என்னால அவங்க மூஞ்சியப் பார்க்க முடியாது” என்றார் ஐயா.

ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கைக்குழந்தையோடு நின்றபடி அந்தப் பெண் கேட்டாள்.

“நம்ம பக்கம் எத்தன பேருங்க?”

“ஐயா மட்டுந்தான்.”

அவள் முகம் வாடியது. சட்டம் வந்துவிட்டதை நினைத்துத்தான் என்று எண்ணினேன். “அத்தன பேருக்கு நடுவுல ஒத்தையாவா நின்னாரு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க அந்த வாசல்லயாவது வந்து நின்னுருப்போமே!”

திரும்பி வந்து அதை அப்படியே ஐயாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பின்னாளில் தவணை முடிந்து அவருக்குப் பதில் வேறொருவர் நியமிக்கப்பட்டபோதுகூட அவர் முகம் அப்படி வாடவில்லை.

“என் நாற்காலியில அந்தம்மா உக்காந்திருக்கணும்டா” என்றார்.