அம்மாவின் வாசல் வாளி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் அநேகமாக எல்லாரும் எங்கள் வீட்டு வாசலில் ஒருமுறையாவது கை கழுவியிருப்பீர்கள். வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு செம்பு, ஜன்னல் கம்பியில் வலைப்பைக்குள் தொங்கும் சோப்பு. அம்மா இருந்தவரை அதைத் தாண்டி யாரும் உள்ளே வந்ததில்லை. புதிதாக வந்த சபைப் போதகர் வீடு சந்திக்க வந்தபோது, வேதாகமத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா நீட்டிய சோப்பைப் பணிவாக வாங்கிக்கொண்டது ஊரில் வெகுநாள் பேச்சாக இருந்தது. "சோப்பு வீட்டம்மா" என்றே அம்மாவுக்குப் பெயர் விழுந்தது. அது அம்மாவின் காதுக்கும் போனது. "அழுக்கு வீட்டம்மாண்ணு சொல்லல்லியே, பின்ன என்ன?" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. மறைந்தவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எடுத்து வைப்பதுதான் வழக்கம். அம்மாவைப் பற்றி அப்படி எழுதினால் அது வேறு யாரோ ஓர் அம்மாவாகிவிடும். கிருமிக்கு அவர் பயந்த பயத்தையும், அந்தப் பயம் அவரை விட்டு இறங்கிய விதத்தையும் மகளாகிய நான் எழுதுகிறேன். படித்து முடிக்கும்போது உங்களுக்கும் என்னைப்போல் மனம் லேசாக வேண்டும் என்பது என் ஆசை.

இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அம்மா பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு, வருமானம் குறைந்த வீடு. நல்ல பாவாடை ஒன்றுதான் இருந்ததால், சனிக்கிழமை துவைத்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு உடுத்துவாராம். பத்தாம் வகுப்பு வரை படித்தார். ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குரல் கடைசிவரை கம்மவில்லை. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு, சுசீந்திரத்துக்கு அடுத்த எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

எனக்கு மூத்தவனாக ஓர் அண்ணன் இருந்தான். அவனை நான் பார்த்ததில்லை. அவனைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. ஒருநாள் அம்மா இல்லாத நேரம் பார்த்து அப்பாதான் எனக்குச் சொன்னார். சுவரைப் பிடித்து நடக்கப் பழகிய வயதாம் அவனுக்கு. ஆலயப் பண்டிகை வந்தது. பண்டிகை அன்று சபையார் எல்லாரும் பந்தலுக்குள் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அசனம் நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பருப்பும் சோறும் பிசைந்து ஊட்டினார். அவன் விக்கியதும், பொதுவாக வைத்திருந்த அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு குடிக்கக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. பார்க்க வந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "தண்ணி குடுக்காத பிள்ளே, குடுத்தா இன்னும் போவும்" என்றார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் எல்லா வீட்டிலும் சொன்னார்கள். பிள்ளை செம்பைப் பார்த்துக் கை நீட்டி அழ, அம்மா செம்பை மறைத்து வைத்தாராம். பேருந்து பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள், ஆண்டவருடைய சித்தம் என்று ஆறுதல் சொன்னார்கள். அம்மா அதை ஏற்கவில்லை. "ஆண்டவர் மேல பழி போடாதிங்க. நான் குடுத்த தண்ணிதான் எனக்க பிள்ளையக் கொண்டு போச்சு" என்றாராம். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. வாசலில் வாளி வந்தது.

அந்த வாளி வந்த பிறகு பிறந்தவர்கள் நானும் என் தம்பியும். தண்ணீர் கொதித்து ஆறிய பிறகுதான் எங்கள் தொண்டையில் இறங்கும். அப்பாவுக்கும் விடுதலை இல்லை. டிக்கெட்டைக் கிழிக்கும்போது விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்குவது அந்தக் கால நடத்துநர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். அதை ஒருநாள் பேருந்தில் நேரிலேயே பார்த்துவிட்டார் அம்மா. மறுநாளே ஒரு சின்ன டப்பாவில் ஸ்பாஞ்சை நனைத்து வைத்து அப்பாவின் பையில் போட்டார். டெப்போவில் கேலி தாங்க முடியவில்லை என்று அப்பா புலம்பியும் பலனில்லை. பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த டப்பா கூடவே போயிற்று. அவருடைய தோல்பை வீட்டுக்குள் வந்ததே இல்லை, வெளிச்சுவர் ஆணியில்தான் கிடக்கும்.

பள்ளியிலிருந்து வட்டக்கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். மற்ற பிள்ளைகள் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்க் கீற்றை வாங்கிக் கடித்துக்கொண்டு கோட்டைச் சுவர்மேல் ஓடினார்கள். நான் காய்ச்சிய தண்ணீர் பாட்டிலும் இட்லிப் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தேன். அசனமும் எங்களுக்கு இல்லை. ஆனால் அம்மா அசனத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. முந்தின நாளே போய்க் காய்கறி நறுக்குவார், பந்தியில் நின்று பரிமாறுவார். எங்கள் பங்கைத் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி அடுப்பில் ஏற்றுவார். சோறும் பருப்பும் சாம்பாரும் ஒன்றாகக் கொதித்து, நோயாளிக் கஞ்சியாக எங்கள் தட்டுக்கு வரும். அசனச் சோற்றின் ருசி எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று நான் மூன்றாம் முறை சோறு கேட்டதைச் சொல்லி என் கணவர் இன்றும் சிரிப்பார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஊரில் மஞ்சள்காமாலை பரவியபோது எங்கள் வீட்டுக்குள் அது வரவில்லை. அம்மாவைப் பார்த்து அக்கம்பக்கத்திலும் தண்ணீரைக் காய்ச்சத் தொடங்கினார்கள். ஆனால் எங்களோடு விளையாட ஒரு பிள்ளையும் வராது. வந்தால் சோப்பு, போனால் தரையெல்லாம் ஃபினாயில். குளத்தில் சிறுவர்கள் குதித்து நீந்துவதைத் தம்பி மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தான். எனக்கு அம்மாமேல் கோபம் இருந்தது. அப்பா அண்ணனைப் பற்றிச் சொன்ன பிறகு கோபம் போய்விட்டது, அதன் இடத்தில் கவலை வந்தது. இவர் வாழ்நாள் முழுவதும் இப்படித் தன்னையே குற்றவாளியாக நிறுத்தி வைத்திருப்பாரோ என்ற கவலை.

தம்பிக்குக் கல்ஃபில் வேலை. அவன் மனைவி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்களுடைய மகன் அபினை முதன்முதலாக ஊருக்குக் கொண்டுவந்தபோது அப்பா காலமாகியிருந்தார். அபின் சுவரைப் பிடித்து நடக்கும் பருவத்தில் இருந்தான். அம்மா பேரனைப் பார்த்தார், சிரித்தார், தூக்கவில்லை. "இந்தாங்க மாமி, பிடிங்க" என்று தம்பி மனைவி நீட்டியபோது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்க கை வேண்டாம் மக்களே. நான் இஞ்ச நிண்ணு பாக்கேன்" என்றார். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. அம்மா பேரனைத் தொடாமல், அவன் தொடுகிற தரையை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த விடுமுறையில் ஆலயப் பண்டிகை வந்தது. தம்பி, மகனை அசனத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். அம்மா தடுக்கவில்லை. அபின் அப்பன் மடியில் உட்கார்ந்து இலையிலிருந்து கை நிறையச் சோற்றை அள்ளினான். பக்கத்தில் இருந்தவரின் தம்ளரைப் பிடுங்கி, அவர் குடித்த மிச்சத் தண்ணீரையும் குடித்தான். பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சாம்பார்க் கரண்டியோடு நின்ற இடத்திலேயே நின்றார்.

மறுநாள் காலையில் அபினுக்கு வாந்தி. பின்னாலேயே வயிற்றுப்போக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசல் வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். "ரெண்டாந்தடவ எனக்க கண்ணு முன்னால" என்றார். விசாரிக்க வந்த ஒரு சொந்தக்காரர் அந்தப் பழைய வார்த்தையையே எடுத்தார். "தண்ணி மட்டும் குடுக்காதிங்க, கேட்டியளா?"

தம்பி மனைவி அதற்குள் காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து எடுத்து வந்துவிட்டாள். "தண்ணிதான் இப்ப மருந்து" என்று அவரிடம் சொல்லிவிட்டு, நேராக அம்மாவிடம் வந்து கிண்ணத்தையும் கரண்டியையும் கையில் வைத்தாள்.

"மாமி, நீங்க குடுங்க. கொஞ்சங் கொஞ்சமா. கக்கினா சித்த பொறுத்துத் திரும்பக் குடுங்க."

"நானா? எனக்க கையாலயா?"

"உங்க கைய விடச் சுத்தமான கை இந்த ஊர்ல யாருக்கு இருக்கு?"

அம்மா எழுந்து கை கழுவினார். முதல் கரண்டியை ஊட்டினார். பாதி பிள்ளையின் கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது கரண்டியை அவன் சப்புக்கொட்டிக் குடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வந்ததும் அம்மா யாரிடமும் கேட்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பேரனை அவர் தூக்கியது அதுதான் முதல்முறை. வழி நெடுக ஊட்டிக்கொண்டே வந்தார்.

குழந்தைகள் மருத்துவர் ஒரு பெண். அபினின் நாக்கையும் கண்ணையும் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். "பயப்படாண்டாம். உடம்புல தண்ணி குறையல்ல. நல்லாக் குடுத்திருக்கிய" என்றார். நாங்கள் எழுந்தோம். அம்மா எழவில்லை. இத்தனை வருடம் யாரிடமும் பேசாததை அவரிடம் பேசினார். அண்டாத் தண்ணீர், அசனம், மறைத்து வைத்த செம்பு, எல்லாவற்றையும் சொன்னார். வெளியே பிள்ளைகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். மருத்துவர் அவசரப்படுத்தாமல் கேட்டார்.

"எந்தத் தண்ணியால வந்ததுண்ணு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. இந்த வாரம் அசனத்துக்கே போகாத பிள்ளைகளும் இதே மாதிரி வந்திருக்கு. ஒண்ணு கேக்கேன். போற தண்ணிக்குப் பதிலாத் தண்ணி குடுக்கணும்ணு அண்ணைக்கு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல டாக்டர். குடுக்காதண்ணுதான் எல்லாரும் சொன்னாங்க."

"இண்ணைக்குச் சொன்ன உடனே குடுத்தீங்கல்லா? அண்ணைக்கும் தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பீங்க. இதுல உங்க தப்பு எங்க இருக்கு?"

அம்மா அழுதார். நான் பார்க்க அவர் அழுதது அன்றுதான். கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்பம் பிள்ளைகள எவ்வளவு சூச்சிச்சுப் பாக்கணும் டாக்டர்?" என்று கேட்டார். கவனமாக என்பதற்கு அம்மாவின் பிறந்த ஊர்ச் சொல் அது.

"குடிக்கிற தண்ணி, சாப்பாட்டுக்கு முன்னாலயும் கக்கூஸ் போய்ட்டு வந்த பிறகும் கை, மூடி வச்ச சோறு, நேரத்துக்குத் தடுப்பூசி. இதுல விட்டுக்குடுக்காதிங்க. மிச்சத்துக்கு மண்ணுல விளையாடட்டும், நாலு பிள்ளைகளோட சேரட்டும். வீடு வீடா இருந்தாப் போதும், ஆப்பரேஷன் தியேட்டரா இருக்காண்டாம்."

அன்று சாயங்காலம் அபின் எழுந்து உட்கார்ந்தான். அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்பினான். நாங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். "சப்பட்டு. காலைல கழுவின கண்ணாடிதான்" என்று சிரித்தார். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தம்பி கொல்லைப்பக்கம் போய் நின்று மூக்கைச் சிந்தினான்.

அதற்குப் பிறகு ஃபினாயில் வாடை குறைந்தது, வாளி அப்படியே இருந்தது. அம்மா அண்ணனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவன் எந்தச் சுவரைப் பிடித்து நடந்தான், எந்தப் பாட்டுக்குத் தலையாட்டினான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இத்தனை வயதுக்குப் பிறகு எனக்கு ஓர் அண்ணன் கிடைத்தான். சபையில் போய்ப் பேசி, அசனத்துக்கு வைக்கும் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி மூடி வைக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். அடுத்த பண்டிகைக்கு எங்களோடு இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். கொரோனா வந்து வீட்டுக்கு வீடு வாசலில் வாளி வைத்தபோது, "இப்பம் ஊரே சோப்பு வீடுதான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அந்தப் பெருமைக்கு அவருக்கு உரிமை இருந்தது.

கடைசி மாதங்களில் இதயம் தளர்ந்துபோயிற்று. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அபின் கட்டில் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். அம்மா தண்ணீர் கேட்டார். நான் அடுக்களைக்குப் போய் வருவதற்குள், அவன் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலையே நீட்டியிருந்தான்.

"கை கழுவினியா மக்களே?"

"கழுவிட்டேன் பாட்டி."

"பின்ன தா."

அவன் குடித்த மிச்சத்தை அம்மா குடித்தார். அந்த வாரத்திலேயே ஒரு காலைப்பொழுதில், அதிகம் துன்பப்படாமல் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு அழுகை இருந்தது. பயத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனார் என்ற ஆறுதல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அம்மாவுக்குக் கடைசிவரை மருத்துவம் பார்த்தவர்களுக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட சகோதரிக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும், பந்தல் போட்ட சபை வாலிபர்களுக்கும், அந்த வாரம் எங்கள் அடுப்பு எரியவிடாமல் சோறு கொண்டுவந்த அயல்வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பி மனைவிக்குத் தனியாக ஒரு நன்றி. அன்று அந்தக் கரண்டியை அம்மாவின் கையில் கொடுத்தது அவள்தான்.

இந்த மலரின் முதல் பக்கத்தில் அம்மாவின் பிள்ளைகள் வரிசையில் அண்ணனை மூத்தவனாகச் சேர்த்திருக்கிறோம். நினைவு ஜெபம் முடிந்ததும் முற்றத்தில் சாப்பாடு இருக்கிறது. வாளியும் சோப்பும் அதே இடத்தில் இருக்கின்றன. கை கழுவிவிட்டு உட்காருங்கள், தண்ணீர் காய்ச்சியதுதான். சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் அவர்களை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தங்கள் கையாலேயே அள்ளிச் சாப்பிடட்டும்.